பெயர் வேண்டாம் என்ற கொடையாளி

பெட்டியில் பேரீச்சம்பழப் பொட்டலங்களுக்கும் என் மகள் நிஹாவின் சட்டைகளுக்கும் நடுவே ஒரு பழுப்பு உறை இருந்தது. விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டபோது இரண்டு கிலோ அதிகம் என்றார்கள். பேரீச்சம்பழத்தை எடுத்து என் கணவர் சலீமின் கையில் கொடுத்தேன். உறையையும் அதோடு கட்டியிருந்த புத்தகங்களையும் தொட அவர் விடவில்லை. "அதுதான் முக்கியம். அதுக்குத்தானே போறே," என்றார். அத்தாவையும் அம்மாவையும் பார்க்கப் போவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்த நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. சலீம் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த ஊர் மனிதர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நிஹாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மதியம், என் மொழி தெரியாத எதிர்வீட்டுப் பெண்மணி தன் காரில் எங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், சிகிச்சை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வந்தது அந்த நாட்டு அமைச்சகம் ஒன்றின் கீழ் இயங்கும் ஓர் அறக்கட்டளையைப் பற்றி. சலீம் அதன் அலுவலகத்தில் ஒப்பந்த எழுத்தர். எங்கள் ஊர்ப் பெண்கள் மதரசாவுக்குக் கட்டடம் கட்டித் தருவதாக அறக்கட்டளை சொல்லியிருந்தது. என் அத்தா ஊர் ஜமாத்தின் செயலாளர். ஒப்பந்தத்தில் அத்தா கையெழுத்துப் போட்டால் சலீமின் வேலை நிரந்தரம். எங்கள் குடும்ப விசாவும் நீளும். போடாவிட்டால் சலீமுக்கு அங்கே அறை மட்டும்தான் மிஞ்சும், நானும் நிஹாவும் இங்கே. அறக்கட்டளை அதிகாரி இதை மிரட்டலாகச் சொல்லவில்லையாம். தேநீர் கொடுத்துத்தான் சொன்னாராம்.

வீட்டில் நுழைந்ததும் அத்தா நிஹாவைத் தூக்கிப் பார்த்தார். "என்னத்தா, புள்ளைக்கு அங்கன சோறே போடலையா? இம்புட்டுக் கனம்தான் இருக்கு!" அம்மா நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைத்தார். நிஹா தாளிச்சாவிலிருந்து மாங்காயைப் பொறுக்கித் தனியே வைத்தாள். அவள் அப்பாவும் அப்படித்தான் செய்வார்.  

சாயங்காலம் மதரசாவைப் பார்க்கப் போனோம். கம்பம் நகருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், சித்திரை வெயில். தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து ஓதிக்கொண்டிருந்தார்கள். கோடை மழை வந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. ஏழு இடத்தில் ஒழுகுகிறது. ஒழுகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வாளி. ஒவ்வொரு வாளியிலும் யாருடைய அன்பளிப்பு என்று பெயின்டில் எழுதியிருந்தது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஒரே குடும்பத்தின் பெயர். டியூப்லைட்டில் பாதியைப் பெயரே மறைத்திருந்தது. நாங்கள் இருந்த வெளிநாட்டு ஊரில் பொதுஇடத்துப் பொருள்களில் யார் பெயரும் இருக்காது. எல்லாம் வழுவழுவென்று இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குவளை கொடுத்தாலும் அது யார் கொடுத்தது என்று தெரிந்தாக வேண்டும்.

உறையிலிருந்த ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஜமாத்தில் படித்து முடிவெடுக்க வேண்டும். "நீ படிச்ச புள்ள. தமிழ்ல எழுதிக் குடு," என்று அத்தா நிஹாவின் கோடு போட்ட நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துக் கொடுத்தார்.

எழுத உட்காருவதற்கு முன் சலீம் கூப்பிட்டார். "சுருக்கமா எழுதிரு. கட்டடம், வாத்தியார், புத்தகம், அம்புட்டுத்தான். சின்னச் சின்ன எழுத்தையெல்லாம் போட்டுக் கொழப்பாத." அவருக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி ஓடும் சத்தம் கேட்டது. அதன் கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டார்.

நான் சுருக்கினேன். 'இப்போதுள்ள ஆசிரியையை நீக்கிவிட்டு நாங்கள் அனுப்பும் ஆசிரியரை நியமிக்க வேண்டும்' என்று இருந்ததை 'ஆசிரியர் அனுப்புவார்கள்' என்று எழுதினேன். தர்கா, அங்கே நடக்கும் கந்தூரி விழா, மவ்லிது ஓதுதல் ஆகியவற்றோடு ஜமாத் தொடர்பை முறித்துக்கொள்ள வேண்டும் என்ற வரியை 'மார்க்க ஒழுக்கம் பேண வேண்டும்' என்று ஆக்கினேன். கொடையாளியின் பெயர் எந்த வடிவிலும் வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையை 'தங்கள் பெயர் போட வேண்டாம் என்கிறார்கள்' என்று முடித்தேன். கடைசிப் பக்கத்தை எழுதவே இல்லை. எழுதி முடித்ததும் கை கழுவினேன். மையே ஒட்டாத பேனா அது.

மறுநாள் அத்தா அந்தத் தாளைப் பள்ளிவாசல் முற்றத்தில் இரண்டு மூன்று பேருக்குப் படித்துக் காட்டினார். காதர் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். ஜமாத்தில் மூத்தவர், திராட்சைத் தோட்டக்காரர், அவர் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "பேரு வேணாம்னு சொல்றாகளேத்தா! எம்புட்டுப் பெரிய மனசு! நம்மாளு ஒரு வாளி வாங்கிக் குடுத்துட்டு அப்பன் பேரு, பாட்டன் பேரு வரைக்கும் எழுதச் சொல்றான்."

"அந்த வாளி நீங்க குடுத்ததுதானே மாமா?" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

"அதத்தான் சொல்றேன்! எனக்கே வெக்கமாப் போச்சு."

பெயர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்குப் கல் வைத்தே மரியாதை செய்ய வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். எங்கள் ஊரில்தான் இப்படி நடக்கும். கல்வெட்டு ஒன்று சொல்லிவிட்டு வர அத்தாவை வீரபாண்டிக்கு அனுப்பினார். நானும் நிஹாவும் கூடப் போனோம்.

வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா. ஊருக்கு வெளியிலேயே பேருந்து நின்றுவிட்டது. அக்கினிச்சட்டி ஏந்தியவர்கள் சாலை முழுக்க வந்துகொண்டிருந்தார்கள். கண்டக்டர், "இனி வண்டி நகராதுப்பா. எறங்குறவுக எறங்கிக்கங்க, உக்கார்றவுக சாமி கும்பிட்டுக்கங்க," என்றார். இறங்கி நடந்தோம். நிஹா என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, "அவங்களுக்குக் கை சுடாதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு பெண்மணி கூட்டத்திலிருந்து விலகி வந்து நிஹாவின் கையில் ஒரு டம்ளர் நீர்மோரைத் திணித்துவிட்டுப் போனார். சலீம் கூட இருந்திருந்தால் அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டியிருப்பார். நான் கூட்டத்தைக் கண்டால் பிள்ளையை எண்ணிப்பார்க்கிறவள். எனக்கு ஒரே பிள்ளைதான், இருந்தாலும்.

கல் கொத்தும் கருப்பையா அண்ணன் அத்தாவுக்குப் பழக்கம். பட்டறையில் பாதி செதுக்கிய கற்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. அத்தா விஷயத்தைச் சொன்னதும் உளியைக் கீழே வைத்தார்.

"சரி ராவுத்தரே. பேரு என்ன போடணும்?"

"பேரு இல்ல. 'பெயர் கூற விரும்பாத பெருமக்கள்'னு போட்டுருங்க."

"நானும் முப்பது வருசமாக் கல்லு கொத்துறேன். கோயிலு, பள்ளிவாசலு, சர்ச்சு எல்லாத்துக்கும் கொத்தியிருக்கேன். பேர விடச் சொல்லி ஒருத்தரும் வரல. பேர் இருந்தா நாளைக்கு ஒண்ணுன்னா போய்க் கேக்கலாம்ல? கட்டடம் விரிஞ்சுபோச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சண்ட போடுவீக?"

"அவுக ரொம்பப் பெரியவுக, கருப்பையா."

"அப்ப பேரும் பெரிசா இருக்கும். கல்லு பெரிசா வாங்கிக்கிருவோம், என்ன?" என்று சிரித்தார். அத்தாவும் சிரித்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.  

நாலாம் நாள் லோயர் கேம்ப். சலீமுக்குச் சொந்த ஊர் கூடலூர். மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களை நிஹாவுக்குக் காட்டச் சொல்லியிருந்தார். நாங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். கூடலூர் தாண்டுமுன்பே பேருந்தின் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கித் திராட்சைப் பந்தல் நிழலில் உட்கார்ந்தோம். பந்தலுக்குள் மருந்து வாடை. தோட்டக்காரம்மா ஒரு கொத்துப் பன்னீர்த் திராட்சையைக் கழுவிக் கொடுத்து, "விதையைத் துப்பிரணும் கண்ணு," என்று நிஹாவிடம் சொன்னார். அங்கே நாங்கள் வாங்குவதில் விதை இருக்காது. நிஹா துப்பும் வேலையில் அப்படியே மூழ்கிப்போனாள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்டெல்லா டீச்சர். பக்கத்துக் கிறிஸ்தவ ஊரில் பள்ளி ஆசிரியை. என் கைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த உறையைப் பார்த்தே பேச்சைத் தொடங்கினார். அதை வீட்டில் விட்டுவிட்டு வர எனக்குப் பயமாக இருந்தது. மேலோட்டமாகச் சொன்னேன்.

"அட, எங்க கோயிலும் வெளிநாட்டுக் காசுலதாம்மா கட்டுனாக. அந்தக் காலத்துல காசோட சாமியாரும் வந்தாக. பொங்கலுக்குக் கரும்பு வாங்குனாப் பாவம்னு சொல்லி, எங்க தாத்தாவ வாரக்கணக்குல கோயிலுக்கு வெளிய நிக்க வச்சாகளாம்."

"அப்புறம்?"

"அப்புறம் நம்ம பக்கத்துப் பயலுகளே சாமியாராகி வந்தாக. இப்பக் கோயில் வாசல்லயே பொங்கல் வைக்கிறோம். தாத்தா இல்ல பாக்குறதுக்கு." புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டார். "இப்பவும் எங்க பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுக் காசு வருது. டில்லியில பதிஞ்ச ஒரே பேங்க் கணக்குலதான் வரணும். யாரு குடுத்தா, என்னத்துக்குச் செலவுன்னு வருசா வருசம் எழுதிக் குடுக்கணும். தலைவலின்னா தலைவலி! ஆனா யாரும் வந்து கேட்டா எடுத்துக் காட்டலாம்ல. ஒங்களுக்கு எந்தக் கணக்குல வருது?"

பதில் தெரிந்திருந்தும், தெரியாது என்றேன். நான் எழுதாமல் விட்ட கடைசிப் பக்கத்தில் அது இருந்தது.

லோயர் கேம்ப் போய்ச் சேர்ந்தபோது குழாய்களில் தண்ணீர் இல்லை, கோடை. நிஹா மலையையே பார்த்துவிட்டு, "அப்பா சொன்ன சத்தம் எங்கே?" என்றாள். டீக்கடையில், மலையில் அணை கட்டி இந்தத் தண்ணீரைத் திருப்பிவிட்ட வெள்ளைக்கார எஞ்சினியரின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கே அவர் பெயரை வைக்கிறார்கள். வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் என்று நான் சொன்னால் இந்தப் பள்ளத்தாக்கே என்னைப் பார்த்துச் சிரிக்கும். இங்குள்ள நெல்லே மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரில் விளைவது.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, புத்தகக் கட்டைப் பிரித்தேன். அதற்கு முன்பே பிரித்திருக்க வேண்டும். பிரித்தால் படிக்க வேண்டிவரும் என்றுதான் தள்ளிப்போட்டேன் என்று நினைக்கிறேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், தமிழ் அச்சு. சின்னப் பிள்ளைகளுக்கான கேள்வி பதில். பக்கத்து வீட்டார் பண்டிகைக்குக் கொடுக்கும் பலகாரத்தை வாங்கலாமா? கூடாது. அவர்கள் மேல் அன்பு வைக்கலாமா? கூடாது. கந்தூரிக்குப் போகிறவர்கள் நம்மவர்களா? இல்லை. அவர்களுக்கு சலாம் சொல்லலாமா? சொல்லாதே. என் அம்மா வருடம் தவறாமல் கந்தூரிக்குப் போகிறவர்.

நிஹா வந்து மடியில் ஏறினாள். ஒரு படத்தில் தட்டோடு நிற்கும் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே ஒரு சிறுமி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். "அந்தப் பாப்பா ஏன் கதவைச் சாத்துது? வெயில் வருதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

அன்று மதியம் அடுத்த வீட்டு மூக்கம்மா அக்கா மாவிளக்கு மாவு கொண்டுவந்தார். திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு இடித்தது. வாசலில் நின்றபடியே, "படைக்கிறதுக்கு முந்தியே ஒங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன்த்தா. சாமிக்கு வச்சது இல்ல. புள்ளைக்குத் தைரியமாக் குடு," என்றார். வருடா வருடம் இப்படித்தான் கொடுப்பார். நான் கவனித்ததே இல்லை. எங்கள் மார்க்கத்தில் எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு, தன் சாமிக்கு வைப்பதற்கு முன்னால் எங்களுக்கு எடுத்து வைக்கிறார். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு இப்படி ஒருவர் இருப்பார் என்றே தெரியாது. நிஹா உருண்டையை வாயில் போட்டு, கையையும் நக்கினாள்.

மொழிபெயர்ப்பை மறுபடி முழுதாக எழுதினேன். கடைசிப் பக்கத்தையும். பணம் ஜமாத் கணக்குக்கு வராது. ஊரில் உள்ள தனி ஆட்களுக்கு அன்பளிப்பு என்ற பெயரில் சிறிது சிறிதாக வரும். அரசுப் பதிவு எதிலும் அறக்கட்டளை இடம்பெறாது. பெறுகிறவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல்கள் இணைக்கப்பட வேண்டும்; யார் யார் என்ற பட்டியலும் அதிலேயே இருந்தது.

அத்தாவிடம் இரண்டு தாள்களையும் கொடுத்து, முதலில் எழுதியது பாதிதான் என்று சொன்னேன். அவர் மெதுவாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு வேலை போயிருமேத்தா."

"தெரியும் அத்தா."

"புள்ள அவுக அத்தாவ விட்டுட்டு இருக்கணுமே." புதிய தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "நான் பழைய தாளையே படிச்சிர்றேன். இத நீ எங்கிட்டக் காட்டல. எனக்கு இங்கிலீசும் தெரியாது. பாவம் இருந்தா எம்மேல போகட்டும்," என்றார்.

எனக்கு அது வேண்டியிருந்தது. பொய் சொல்லமாட்டேன். சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சலீமின் சட்டை வாடை, ஏசி ஓடும் அறை, நிஹா நடுவில் படுத்திருக்க நாங்கள் இருவரும் இரண்டு ஓரத்தில் சாய்ந்து பேசுவது, எல்லாம் அந்தப் பழைய தாளுக்குள் இருந்தன. மதரசாவில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். நான் எழுதித் தந்ததை நம்பித்தான் அந்தப் புத்தகம் அவர்கள் கைக்குப் போகும். பழைய தாளை அத்தாவின் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தேன். கிழித்ததும் ஒட்டிவிடலாமா என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பெண்கள் நாங்கள் மதரசாவில் உட்கார்ந்து, ஜமாத் கூட்டத்தை ஒலிபெருக்கியில் கேட்டோம். காதர் மாமாவுக்கு அது தேவைப்படவில்லை.

"கூரை ஒழுகுது. பொம்பளப் புள்ளைக நனையுதுக. குடுக்குறவுக குடுக்குறாக. அதுல போயி நொட்டை சொல்லிக்கிட்டு!"

"மாமா, கந்தூரிய நிறுத்தணுமாம்ல. ஒங்க வீட்டு நேர்த்திக் கிடா என்னாகும்?" என்றது ஓர் இளம் குரல்.

"நான் வீட்டுலயே அறுத்துக்கிறேன். ஒனக்குக் கறி கெடையாது."

சிரிப்பு அடங்கியதும் அத்தா கடைசிப் பக்கத்தைப் படித்தார். "குடுக்குறவுக பேரு எங்கயும் வரக்கூடாதாம். வாங்குறவுக பேரு, முகவரி, ஆதார் எல்லாம் வேணுமாம். அவுக வச்சிருக்கிற பட்டியல்ல மொதப் பேரு காதர் மாமா பேரு."

"எம்பேரா? நாளைக்குப் போலீசு வந்து கேட்டா?"

"ஒங்க பேரத்தான் சொல்லணும். அவுக பேருதான் நமக்குத் தெரியாதே."

 காதர் மாமா, எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக, மெல்லப் பேசினார். "பெரிய மனசுன்னுல்ல நெனச்சேன்."

வேண்டாம் என்று ஜமாத் எழுதவில்லை. மூன்று வரிகள் எழுதச் சொன்னார்கள். கொடுப்பவர் பெயர் கல்லில் இருக்க வேண்டும். அரசு அனுமதி பெற்ற கணக்கு தொடங்குகிறோம், பணம் அதில்தான் வர வேண்டும். ஆசிரியையும் புத்தகமும் எங்கள் விருப்பம். இதற்குச் சம்மதம் என்றால் யார் கொடுத்தாலும் நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் எழுதியது நான். அன்று மாலையே சலீமுக்கு அனுப்பினேன். ஐந்து மணிநேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"படிச்சேன்," என்றார். "ஒன் இங்கிலீசு எங்க ஆபீஸ்காரனத விட நல்லாருக்கு."

"கோவமா?"

"கோவந்தான். கொஞ்சம் இரு, போயிரும்."

அறக்கட்டளை பதில் எழுதவில்லை. அடுத்த வாரம் சலீமின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று தெரிந்தது. அங்கேயே ஒரு கடையில் அவருக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு பேரோடு ஓர் அறை. எங்கள் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன். நிஹாவுக்கு ஜூன் மாதம் இங்கே பள்ளி. மதரசாவின் கூரை இன்னும் ஒழுகுகிறது. நான் செய்தது சரிதானா என்று மழை வரும்போதெல்லாம் தோன்றுகிறது. வேறு யாராவது வேறு ஊரில் அதே ஒப்பந்தத்தைச் சுருக்கி எழுதிக்கொண்டிருப்பாரோ என்றும் தோன்றுகிறது.

நேற்றுக் காலை கடைத்தெருவில் இருக்கும்போது சலீம் வீடியோவில் கூப்பிட்டார். அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவருக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டிலும், அதன் கம்பியில் காயும் சட்டையும் தெரிந்தன. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போனத் திருப்பு. தெருவக் காட்டு," என்றார். திருப்பிப் பிடித்தேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கிளம்பிக்கொண்டிருந்தன. பூக்கடை, பரோட்டாக் கல், மேற்கே மலை, முன்னால் துள்ளிக்கொண்டு ஓடும் நிஹா. மெதுவாகப் போ என்றார்; மெதுவாகப் போனேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அவர் ஊரான கூடலூருக்கு ஜீப் கிளம்பும் நிறுத்தம்வரை கையை நீட்டியபடியே நடந்தேன்.